ஒரு கையெழுத்து குறைகிறது

செப்டம்பர் 2, செவ்வாய்

கடைவாய்ப் பல் இன்று வலிக்கவில்லை. ஒரு வலி நகர்ந்தால் அடுத்தது வரிசையில் தயாராக நிற்கும் போலிருக்கிறது. காலைத் தபாலில் கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் 14, 15 இரண்டு நாளும் எங்கள் கல்லூரி உதவித்தொகைப் பிரிவை ஆய்வு செய்ய வருகிறார்கள். யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம், விதிப்படிதான் செய்தோமா – எல்லாவற்றையும் பார்ப்பார்களாம். தேறவில்லையென்றால் அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் வழியாக யாருக்கும் உதவித்தொகை கிடையாது. பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் பின்னாலேயே நானும்.

பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் நாற்காலியில் நான்தான். என் பெயர்ப் பலகையில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘பொறுப்பு’ என்று எழுதியிருக்கிறது. அந்த அடைப்புக்குறியை எடுப்பதா வேண்டாமா என்பதை ஆய்வு முடிந்ததும் பார்க்கலாம் என்கிறார் முதல்வர்.

கடிதத்தைச் சுருக்கத்திடம் காட்டினேன். சுருக்கம் என் பக்கத்து மேசைக்காரர். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாததால் வந்த பெயர். "இதுக்கா மேடம் பயப்படறீங்க? சுருக்கமா சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நடுவில் அவருடைய மாமனாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சையும் வந்துபோனது.

செப்டம்பர் 4, வியாழன்

முதல்வர் கூப்பிட்டார். "நிஜ இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை வச்சுக்கலாம்மா. வெளியிலேர்ந்து ஆள் வராங்க. ரொம்பக் கறாரான அம்மாவாம். போன இடத்துல எல்லாம் அழ வச்சுட்டுத்தான் வருவாங்களாம்."

பெயரைப் பார்த்தேன். என்னையும் அழ வைத்தவள்தான். முதலில் அழ வைத்ததே என்னைத்தான்.

"சார், இது என் கூடப்பிறந்த தங்கச்சி."

"அப்படியா? நல்லதாப் போச்சு. தங்கறதுக்கு ரூம் போட வேண்டாம்."

"அதில்ல சார், சொந்தக்காரங்க வந்தா சரியா இருக்குமா?"

"ஏன், அக்காங்கறதால விட்டுடுவாங்களா?"

"அவளா? அக்காங்கறதாலயே இன்னும் ரெண்டு குத்தம் சேர்த்து எழுதுவா."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

தங்கையோடு பேசினேன். "இப்பவே சொல்லிடறேன்கா. ஆபீஸ்ல நான் உனக்குத் தங்கச்சி இல்ல." வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்?

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி, சொந்தத் தலையணை. இருக்கும்வரை வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்று ஒப்பந்தம். "மாமா, நீங்கதான் சாட்சி" என்று என் வீட்டுக்காரரை இழுத்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்து முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள், "இந்த உப்பு டப்பாவுக்கு மூடி சரியா பொருந்தல. இது யாரு பொறுப்பு?" என்றாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

"வணக்கம் மேடம்" என்று உள்ளே வந்தாள். இன்று காலைதான் என் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்கவே இல்லை என்று சாதித்தவள்.

கோப்பு அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி அதே அலமாரியின் பக்கவாட்டில் ஆணியில் தொங்குகிறது.

"அப்ப பூட்டு எதுக்கு?" என்று கேட்டாள்.

"பழக்கம்" என்றார் சுருக்கம். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் இன்றுதான் கேட்கிறேன். அது இதற்குத்தானா வாய்க்க வேண்டும்?

கணினியின் கடவுச்சொல் கணினியின் நெற்றியிலேயே ஒட்டியிருப்பதையும் பார்த்தாள். புகைப்படம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் வராண்டாவில் போய்ச் சும்மா நின்றாள். திரும்பி வந்து, "கவுன்ட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்க கேக்கறது, அந்தப் பக்கம் பிள்ளைங்க கத்திப் பதில் சொல்றது, எல்லாம் வாசல் வரைக்கும் கேக்குது. அந்தப் பச்சைச் சட்டைப் பையனோட வீட்டுல யாருக்கு வேலை போச்சுன்னு எனக்கே தெரியும் இப்போ" என்றாள்.

இத்தனை வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வராண்டாவில் ஒரு தடவைகூட நின்றதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கேள்வி பதில் ஒத்திகை. விதி ஒன்றே ஒன்று: கேட்டதற்கு மட்டும் பதில்.

"உங்க வேலை என்ன?" என்று சுருக்கத்திடம் கேட்டாள் தங்கை.

"நான் மொதல்ல தபால் பிரிவுல இருந்தேன் மேடம். அப்ப அங்க ஒரு ஜன்னல் –"

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும். விண்ணப்பங்களை நீங்கதான் சரிபார்க்கறீங்களா?"

"ஆமா. ஆனா அதுல ஒரு கதை இருக்கு."

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதல்வர் என் காதில், "அந்த ரெண்டு நாளும் இவருக்கு லீவு குடுத்துடலாமா?" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. சாயங்காலம் சுருக்கம் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், நான் லீவே கேக்கலையே?" என்றார். யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

குளியலறைக்கு யார் முதலில் என்று சண்டை. இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நாங்கள் முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் குளிக்காமலே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஏணி மறுபடியும் வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் கண்ணாடியில் பேசுவதற்காக வைத்த ஓட்டைக்கு அவள் பாதியாக மடிய வேண்டும், அவ்வளவு உயரம். விண்ணப்பம் எல்லாம் சரி. குடும்ப வருமானப் பக்கத்தில் அப்பா கையெழுத்து மட்டும் இல்லை. அம்மா இறந்து பல வருடம். வளர்ப்பது சித்தி. அப்பாவுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம்.

"அப்பா இருக்காருன்னு சொன்னா கையெழுத்து கேக்கறீங்க. இல்லைன்னு சொன்னா சர்ட்டிஃபிகேட் கேக்கறீங்க. அவர் ரெண்டுக்கும் நடுவுல இருக்கார் மேடம். அதுக்கு என்ன கொண்டு வரணும்?"

சுருக்கம் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன்: "ஒரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் முடியாதும்மா. எப்படியாவது வாங்கிட்டு வா." 26ஆம் தேதி கடைசி நாள். தாண்டினால் பட்டியலில் பெயர் வராது.

மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த தங்கை எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விதிப் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். பெற்றோர் கையெழுத்து கிடைக்கவே கிடைக்காத நிலைமையில், எழுத்தில் ஆதாரம் வாங்கிக்கொண்டு, பிரிவின் தலைவர் அது இல்லாமலே அனுமதிக்கலாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று மாணவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

"எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க மேடம்?"

"யாருக்கும் இல்ல."

"எங்க அறிவிச்சிருக்கீங்க?"

அந்தப் பக்கம் எனக்குத் தெரியாததில்லை. ‘அந்தக் கதவைத் திறந்தா கூட்டம் தாங்காது’ என்பார் பழைய தலைவர். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

"தகுதியில்லாதவங்களுக்கு நாங்க ஒருத்தருக்குக்கூடக் குடுத்ததில்ல" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அது சரி. தகுதி இருந்தும் கிடைக்காதவங்க எத்தனை பேர்னு யாரு எண்ணினது? அதுவும் விதிமீறல்தான் மேடம்."

வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. "வந்து ஒரு வாரம்தான் ஆச்சு, எனக்கு வேலை சொல்லித் தர்றியா நீ?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "அந்தப் பொண்ணு குனிஞ்சு நின்னு பேசறா. நீ டைப் அடிச்சிட்டே பதில் சொல்ற. அவ மூஞ்சியை நீ பார்க்கவே இல்லக்கா."

பார்த்தேனே. பார்த்தேனா? சிரிச்சது காதுல விழுந்துது. அவ்ளோதான். பார்க்கல.

செப்டம்பர் 17, புதன்

பேச்சு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் இரண்டு பேரும் என் வீட்டுக்காரரிடம் கேட்கிறோம். அவர் உப்பு டப்பாவை நடுவில் வைத்துவிட்டு, "இனிமே இது பொதுச்சொத்து" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

ஏணிக்குச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். தங்கையிடம் சொன்னேன் – ஆபீஸில், முறைப்படி, எதிரில் நாற்காலி போட்டு.

"ஆய்வுக்கு முன்னாடி அவசரமா ஒண்ணே ஒண்ணு செஞ்சா, நமக்காக ஜோடிச்சிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. வினையை விலை குடுத்து வாங்கற மாதிரி. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை" என்றாள்.

"ஆய்வு முடிஞ்சப்புறம் செஞ்சா?"

"சுத்தமா இருக்கும். ஆனா அந்தப் பொண்ணு காலேஜ்ல இருக்க மாட்டா."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"நான் ஆலோசகர். முடிவு உங்களோடது மேடம்." கோப்பை மூடினாள். எழுந்தாள். கதவுப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து, "செய்க்கா" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஏணியின் சித்தி வந்து, தான்தான் வளர்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவிடமும் கேட்டோம், மறுத்தார் என்று காட்ட வேண்டும். போன் போட்டேன்.

"உங்க பொண்ணோட விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து வேணும் சார்."

"எந்தப் பொண்ணு?"

பெயரைச் சொன்னேன்.

"நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கு இதுல போட்டா நாளைக்கு அதைக் குடு, இதைச் செய்யுன்னு வந்து நிப்பாங்க."

"போட மாட்டேன்கறதையாவது எழுதிக் குடுத்துடுங்க."

"அதுக்கும் கையெழுத்து வேணுமில்ல?" என்று வைத்துவிட்டார். ஆள் கெட்டிக்காரர். அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 22, திங்கள்

"நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா மேடம்? சுருக்கமா" என்றார் சுருக்கம். வேறு வழியும் இல்லை.

வணக்கம் சொன்னார். அந்த ஊரில் மழை உண்டா என்று விசாரித்தார். தன் மூன்று பெண்களில் பெரியவள் சைக்கிள் பழகிய கதையை ஆரம்பித்தார். மிரட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சத்தியமாகக் கதைதான் சொன்னார். எதிர்முனை வைத்துவிட்டது. மறுபடி போட்டார். "லைன் கட்டாயிடுச்சு சார். எதுல விட்டேன்? ஆங், பிரேக்..." மறுபடி வைத்தார்கள். மறுபடி போட்டார். மாமனாரின் முழங்கால் வந்தது. தங்கை வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள்.

கடைசியில் போனில் குறுஞ்செய்தி வந்தது. ‘இவள் படிப்பு, செலவு எதற்கும் நான் பொறுப்பல்ல. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஆளை இனிமேல் எனக்குப் போன் பண்ண வேண்டாம் என்று சொல்லவும்.’

எழுத்தில் ஆதாரம்! மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தோம். தங்கை அதை அச்செடுத்து வந்தாள். தாளில் பார்த்தபோது முதல் வரி வேறு மாதிரி இருந்தது. சுருக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏணியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்தால் அப்படியொன்றும் உயரமாகத் தெரியவில்லை, சின்னப் பெண்தான். உதவித்தொகை கிடைக்கும் என்றேன். தலையாட்டினாள்.

"அப்பா பேசினாரா மேடம்?"

"பேசினார். போட மாட்டேன்னு எழுதி அனுப்பியிருக்கார். உன் கோப்புலதான் இருக்கு. பார்க்கணும்னா காட்டறேன்."

"வேண்டாம்." எழப் போனவள் திரும்பி, "நல்லா இருக்காரா?" என்றாள். அவரோடு போனில் ஒன்றரை மணி நேரம் பேசிய மனிதர் சுருக்கம்தான். அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் நல்லாத்தாம்மா இருந்துது" என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதல்வர் கோப்பைப் பார்த்தார். "நல்ல காரியம்தான். ஆனா தேதி செப்டம்பர்னு இருக்கே? மார்ச்னு போட்டுட்டா, வழக்கமா செய்யறதுதான்னு ஆயிடும்."

"மார்ச்ல நான் இந்த நாற்காலியிலயே இல்ல சார்."

"அட, ஆமா." யோசித்தார். "பழைய தலைவரை வேணா ஒரு தடவை வரச் சொல்லி –"

"சார்."

கோப்பை மூடினேன். "உங்க இஷ்டம். நாளைக்குப் பேர் கெட்டா உங்க பேர்தான்" என்றார். அடைப்புக்குறியோடு சேர்ந்த பேர். கெட்டால் கெடட்டும் என்று அங்கிருந்து தைரியமாகத்தான் வந்தேன். படி இறங்கும்போதுதான் கோப்பைத் திறந்து தேதியை இன்னொரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 24, புதன்

தங்கை அறிக்கையை முதல்வரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். எனக்குக் காட்டவில்லை. பேருந்தில் ஏறும்போதுகூடக் கேட்டுப் பார்த்தேன். "விதி இல்ல மேடம்" என்று கண்ணடித்தாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஏணியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

நாளை. சாவியை ஆணியிலிருந்து எடுத்தாயிற்று, கணினியின் நெற்றி சுத்தம். கண்ணாடிக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து பேசுவதற்கென்று வைத்தாயிற்று. ‘கையெழுத்து கிடைக்கவில்லையா? உள்ளே வந்து பேசுங்கள்’ என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று. அதை எழுதியவர் சுருக்கம். முதலில் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டு பேர் வந்தார்கள். தும்மிக்கொண்டே இருக்கும் ஒருவர், சிரிக்கவே சிரிக்காத ஓர் அம்மா. அடுக்கிலிருந்து அந்த அம்மா உருவிய மூன்றாவது கோப்பு ஏணியுடையது. கோப்புகளுக்கெல்லாம் வாய் உண்டு, எது கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிறோமோ அதுவே கூப்பிட்டுவிடும்.

"செப்டம்பர் 22. நாங்க வர்றோம்னு கடிதம் வந்தப்புறம்."

"ஆமா."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா? ஏன்?"

கேட்டதற்கு மட்டும் பதில். "பயம்" என்றேன்.

"என்ன பயம்?"

"திறந்து விட்டா எல்லாரும் வந்துடுவாங்கன்னு."

"வந்தா?"

யாரும் இதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பக்கத்து மேசையிலிருந்து சுருக்கம், "வந்தா உக்கார வைக்கணும்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் காத்திருந்தேன், அந்த அம்மாவும் காத்திருந்தார். கதை வரவில்லை. தும்முகிறவர் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 15, புதன்

போய்விட்டார்கள். அந்த அம்மா போகும்போதும் சிரிக்கவில்லை. பல் மறுபடியும் வலிக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

முடிவு வந்தது. உதவித்தொகை தொடரும். ஒரு குறை பதிவாகியிருக்கிறது. கையெழுத்து இல்லை என்று இரண்டு ஆண்டுகளாக மூடிய விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் நாங்களே கடிதம் எழுதிக் கூப்பிட வேண்டும். அடுத்த வருஷம் வந்து பார்ப்பார்கள். அதுவரை அடைப்புக்குறி இருக்கட்டும் என்கிறார் முதல்வர்.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"எத்தனை குறை எழுதினாங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா? நான் பதினாலு எழுதியிருந்தேனே!" குரலில் அப்படி ஒரு வருத்தம். அப்புறம், "அடுத்த மாசம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. வந்து தங்கலாமில்ல?" என்றாள்.

நவம்பர் 19, புதன்

கூட்டம் தாங்காது என்பது உண்மைதான். தாங்கவில்லை. கடிதங்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து நாற்காலி போதாமல் நூலகத்தில் கடன் வாங்கியிருக்கிறோம். எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நேற்று வந்த ஒருவனுக்கு அப்பா அடுத்த தெருவில்தான் இருக்கிறார், சண்டையாம். போய்ச் சமாதானமாகிவிட்டு வா என்று சுருக்கம் அனுப்பிவைத்தார், சைக்கிள் கதையோடு.

இன்று சாப்பாட்டு இடைவேளைக்குக் கதவைச் சாத்தப் போனபோது ஒரு பெண் நின்றாள். துணிக்கடைச் சீருடை, மேலே கடையின் பெயர் தைத்திருந்தது. கையில் எங்கள் கடிதம்.

"ரெண்டு மணிக்குள்ள திரும்பிப் போகணும் மேடம். இது நிஜம்தானான்னு கேக்க வந்தேன்."

எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது.

"போன வருஷம் நீங்கதான் மேடம் சொன்னீங்க, கையெழுத்து இல்லாம முடியாதுன்னு. அதான் காலேஜ்லேர்ந்து நின்னுட்டேன்."

"நான்தான்" என்றேன்.

உள்ளே உட்கார வைத்தேன். சுருக்கம் தன் டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினார். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் படிவத்தை எழுதினாள். வேகமான எழுத்து, ஆனாலும் அழகு. வருமானப் பக்கம் வந்ததும் பேனா நின்றது.

"மேடம், இந்தக் கட்டத்துல..."

"அதை விட்டுடும்மா. அடுத்த பக்கம் எழுது."